பேத்தமங்களா: பிக்னிக் போகும் ஏரிக்கரை எவ்வளவு பாதுகாப்பானது? மண் அணை எப்படி உடைகிறது?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு வார இறுதி பைக் ரைடு என்றால் நந்தி மலை, அவலபெட்டா, கோலார் என்று ஒரு பட்டியல் இருக்கும். சுமார் 100 கி.மீ. தள்ளி, கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கும் பேத்தமங்களா ஏரியும் அந்தப் பட்டியலில் உண்டு. கேஜிஎஃப் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு பேத்தமங்களா போன கதை தாத்தா காலத்திலிருந்தே வரும்.

அங்கே நீங்கள் நின்று செல்ஃபி எடுக்கும் கரை வெறும் மேடு கிடையாது. அது ஒரு அணை. கான்கிரீட் இல்லை, கம்பி இல்லை, முழுக்க மண். பாலாற்றையே மறித்து நிற்கிறது.

"ஆயிரம் வருஷமா நிக்குது, இனிமே என்ன ஆகிடப் போகுது?" என்று தோன்றலாம். ஆனால் அது ஆயிரம் வருஷமாக உடையாமல் நிற்கவில்லை. உடைந்து, சரிசெய்யப்பட்டு, மறுபடி உடைந்து, மறுபடி சரிசெய்யப்பட்டு நிற்கிறது. மண் அணைகளைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இந்த ஏரியின் வரலாறு என்ன?

பேத்தமங்களாவின் பழைய பெயர் விஜயாதித்ய மங்கலம். பாண மன்னன் ஒருவனின் பெயரால் வந்தது. சுமார் 950-ஆம் ஆண்டில் நுளம்ப மன்னன் இரிவ நுளம்பன் இந்த ஏரியைச் சீரமைத்தான். 1155-ல், ஹொய்சளர் காலத்தில், மறுபடியும் பழுதுபார்த்தார்கள். பிறகு 1903-ல் பெருவெள்ளம் வந்தது. கரை உடைந்தது.

1903-இன் பாதிப்பு கர்நாடகத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பெய்த மழையில், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் பாலாற்றின் ஏரிகள் உடைந்தன. அந்தத் தண்ணீர் ஆற்றோடு இறங்கி, நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கும் வாணியம்பாடியைத் தாக்கியது. அங்கே சுமார் 200 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவுத் தூண் இன்றும் வாணியம்பாடியில் நிற்கிறது. உங்கள் சொந்த ஊர் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் என்றால், 'பேத்தமங்கலம் ஏரி உடைஞ்ச வெள்ளம்' என்ற பேச்சை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

அதன்பின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி மீண்டும் சீரமைக்கப்பட்டது. இந்த முறை காரணம் விவசாயம் அல்ல, தங்கம். சுரங்கங்களுக்கும் அங்கே குடியேறிய தொழிலாளர்களுக்கும் தண்ணீர் இங்கிருந்துதான் போனது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஏரி மட்டும் நிற்கிறது.

மண் கரை எப்படித் தண்ணீரைத் தாங்குகிறது?

கரை, மதகு, கலங்கல். ஏரியின் பாதுகாப்பு இந்த மூன்றில் அடங்கிவிடும்.

கரை தன் எடையால் தண்ணீரைத் தடுக்கிறது. மதகு தேவையான தண்ணீரை வெளியே விடுகிறது. கலங்கல், அதாவது உபரிநீர் வழியும் இடம், வேண்டாத தண்ணீரை வெளியே அனுப்புகிறது. வேலூர் பக்கத்தில் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். கன்னடத்திலும் அதே சொல்தான், 'கோடி'. ஏரி கோடி போனால் ஊரே போய் பூஜை போட்டுக் கொண்டாடும். அதில் ஒரு பொறியியல் அர்த்தமும் இருக்கிறது. தண்ணீர் போக வேண்டிய வழியில் போகிறது, கரை பத்திரமாக இருக்கிறது என்பதுதான் அது.

கான்கிரீட் அணையின் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் தண்ணீர் வழிந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். மண் கரைக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலே வழியும் தண்ணீர் கரையின் வெளிச்சரிவில் இறங்கும்போது மண்ணை அரிக்கும், பள்ளம் விழும், பள்ளத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும். சில மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, கதை முடிந்துவிடும்.

மண் அணைகள் எதனால் உடைகின்றன?

உலகம் முழுக்க உடைந்த பெரிய மண் அணைகளை வைத்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் ஒரு கணக்கு போட்டார்கள். கிட்டத்தட்ட பாதி அணைகள் தண்ணீர் மேலே வழிந்தோ, உபரிநீர் வழி சரியாக வேலை செய்யாமலோ உடைந்தவை. கிட்டத்தட்ட மீதிப் பாதி உள்ளே அரிப்பு ஏற்பட்டு உடைந்தவை. கரை சரிந்தது, நிலநடுக்கம் போன்ற மற்ற காரணங்கள் எல்லாம் சேர்ந்தே மிகச் சிறிய பங்குதான்.

அதனால் அந்த இரண்டை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: மேலே வழிவது

கலங்கல் சின்னதாக இருந்தாலோ அடைபட்டிருந்தாலோ வெள்ளத்துக்கு ஒரே வழி கரையின் தலைதான். பல ஊர்களில் நடக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்' என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். மீன் குத்தகைக்காரர் மீன் தப்பிக்காமல் இருக்க வலை கட்டுவார். பார்ப்பதற்கு இரண்டும் சின்ன விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் நீளக் கலங்கல், அதன் மேல் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால் விநாடிக்கு சுமார் 85 கனமீட்டர் வெளியேறும். தோராயமாக 3,000 கனஅடி. இப்போது 30 செ.மீ. உயரத்துக்கு, அதாவது ஒரு அடிக்கு, மூட்டை அடுக்குகிறோம். கரையின் உயரம் அதேதான், எனவே தண்ணீர் போக மிச்சம் இருப்பது 70 செ.மீ. வெளியேறும் அளவு 30% குறையும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. 40%-க்கு மேல் குறைகிறது, விநாடிக்கு சுமார் 50 கனமீட்டராக. ஏனென்றால் கலங்கலில் ஓடும் தண்ணீர், உயரத்தின் ஒன்றரை மடங்கு அடுக்கில் மாறும். உயரம் குறைந்தால் வேகமும் சேர்ந்தே குறைகிறது.

ஒரு அடி மூட்டைக்கு விலை, வெள்ள நேரத்தில் பாதுகாப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. வலையில் குப்பையும் ஆகாயத்தாமரையும் மாட்டினால் இன்னும் போகும்.

இரண்டாவது காரணம்: உள்ளே அரிப்பது

எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். அது இயல்பு. கசியும் தண்ணீர் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. வெளிப்பக்கத்தில் தொடங்கும் சின்ன ஓட்டை, ஏரிப் பக்கம் நோக்கிக் குழாய் மாதிரி நீண்டுகொண்டே போகும். ஏரியைத் தொட்ட நொடியில் கரைக்குள் ஒரு சுரங்கம் தயார்.

இதற்கு வழி போட்டுக் கொடுப்பவை நான்கு.

மரங்கள்: கரையில் சீமைக் கருவேலம் வளர்வது அழகுப் பிரச்சினை அல்ல. மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், வேர் இருந்த இடம் குழாயாகும். அதற்காகப் பெரிய மரத்தை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குவதும் தப்பு. அந்தக் குழியைச் சரியான மண் போட்டு, அடுக்கடுக்காக இறுக்கி மூடாவிட்டால் நாமே ஓட்டை போட்ட மாதிரி. செடியாக இருக்கும்போதே எடுப்பதுதான் மலிவு.

வளைகள்: எலி, பெருச்சாளி, நண்டு. 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து ஏறத்தாழ இருபது பேர் இறந்தபோது, நண்டுகள்தான் காரணம் என்று ஒரு மாநில அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. வளைகளால் கரை பலவீனமாவது உண்மைதான். ஆனால் வளையைப் பார்த்து அடைப்பது நண்டின் வேலை இல்லையே. கசிவு இருக்கிறது என்று ஊர்மக்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள் என்பதுதான் அந்தச் சம்பவத்தில் நினைவில் வைக்க வேண்டியது.

மதகு: மண்ணும் கட்டடமும் சேரும் இடம் எப்போதும் பலவீனம். மதகுக் குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டியே தண்ணீர் வழி தேடும்.

வெடிப்பு: இது கோலார் மாதிரி வறண்ட மாவட்டங்களுக்கு முக்கியம். ஏரி பல வருஷம் காய்ந்து கிடந்தால் கரையின் களிமண் சுருங்கி வெடிக்கும். பிறகு ஒரே வாரத்தில் ஏரி நிரம்பினால், தண்ணீர் நேராக அந்த வெடிப்புக்குள் போகும். வறட்சிக்குப் பிறகு வரும் நல்ல மழைதான் கரைக்கு மிகக் கஷ்டமான பரீட்சை.

2021 நவம்பரில் என்ன நடந்தது?

அந்தப் பரீட்சை 2021-ல் வந்தது. அந்த நவம்பர் மழையில் பேத்தமங்களா ஏரி கோடி போனது. பாலாற்றில் நூறு ஆண்டுகளில் காணாத வெள்ளம். நவம்பர் 19 அன்று வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியில் விநாடிக்கு சுமார் ஒரு லட்சம் கனஅடி ஓடியது. பேத்தமங்களாவில் இந்த முறை 1903 திரும்ப நடக்கவில்லை.

ஆனால் அதே நாளில், அதே மழையில், ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் நடந்தது வேறு கதை. செய்யேறு ஆற்றில் முதலில் மேலே இருந்த பிஞ்சா அணையின் மண் கரை போனது. அந்தத் தண்ணீரும் சேர்ந்து கீழே இருந்த அன்னமய்யா அணையின் மண் கரையை அடித்துச் சென்றது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அன்னமய்யா அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்று மத்திய நீர்வளத் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இங்கே கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, ஏரிகள் சங்கிலி. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது தன் வெள்ளத்தோடு அடுத்தவர் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். இரண்டு, 'ஐந்தில் ஒன்றுதானே' என்பது சாதாரண நாளின் கணக்கு. வெள்ள நாளில் அந்த ஒன்றுதான் கணக்கு.

பொழுதுபோக்கு ஏரியாக மாறினால் ஆபத்து கூடுமா?

ஏரி மேல் தப்பில்லை. ஆனால் அதன் பயன் மாறும்போது பார்வையும் மாறிவிடுகிறது. இதற்கு உலகிலேயே கொடூரமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது.

பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, முதலில் கால்வாய்க்காகக் கட்டியது. பிறகு பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப் ஒன்று அதை வாங்கியது. தண்ணீரை இறக்கிவிடும் குழாய்களை முந்தைய உரிமையாளர் பழைய இரும்புக்கு விற்றிருந்தார், கிளப் திரும்பப் போடவில்லை. வண்டிகள் போக வசதியாகக் கரையின் தலையைச் சுமார் 3 அடி குறைத்தார்கள். மீன் தப்பாமல் இருக்க உபரிநீர் வழியில் கம்பி வலை போட்டார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் இறந்தார்கள்.

பாதை, மீன், குழாய். மூன்றுமே சின்னச் சின்ன முடிவுகள். எதுவும் கெட்ட எண்ணத்தில் எடுத்ததில்லை.

இன்னொன்று, 2019 ஆகஸ்ட் 1. இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே, படகு விடும் கிளப் இயங்கும் டாட்புரூக் என்ற பழைய ஏரியில், உபரிநீர் வழியின் கான்கிரீட் தளம் பெயர்ந்தது. சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள், ஹெலிகாப்டரில் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரும் சாகவில்லை. மோசமான வடிவமைப்போடு, ஆண்டாண்டாக அரைகுறையாக நடந்த பராமரிப்பும் சேர்ந்ததே காரணம் என்று அரசு அமைத்த ஆய்வு சொன்னது.

நம்ம பக்கம் பெங்களூரையே பாருங்கள். 2019 நவம்பர் 24 அன்று ஹுளிமாவு ஏரிக்கரை, தோண்டிய இடத்தில் உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று அங்கே மழை வெள்ளமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதன்கீழ் வரும் அணைகளைப் பருவமழைக்கு முன்பும் பின்பும் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும். அவசரகாலத் திட்டம் தயாரிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எல்லா அணைக்கும் இல்லை.

• உயரம் 15 மீட்டருக்கு மேல் என்றால் சட்டத்தின்கீழ் வரும்.
• 10 முதல் 15 மீட்டர் என்றால் கூடுதல் நிபந்தனை உண்டு. உதாரணமாக, நீளம் 500 மீட்டராவது இருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டராவது இருக்க வேண்டும்.
• 10 மீட்டருக்குக் கீழே என்றால் வராது. எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வராது.

நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை 10 மீட்டரைத் தொடாது. நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 2023-ல் வெளியானபோது எண்ணிக்கை 24 லட்சத்துக்கு மேல். சட்டம் பார்க்கும் அணைகள் சில ஆயிரம்.

ஒப்பிட்டுப் பார்க்க, இங்கிலாந்து உயரத்தை அல்ல, தண்ணீரின் அளவைப் பார்க்கிறது. தரைமட்டத்துக்கு மேல் 25,000 கனமீட்டர், அதாவது சுமார் 10 ஒலிம்பிக் நீச்சல் குளத் தண்ணீர், நின்றாலே பெரிய நீர்த்தேக்கமாகப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட சட்டம் இருந்துமே டாட்புரூக் நடந்தது. இங்கே அந்த அளவு ஏரிகள் எந்தப் பதிவேட்டின் கண்ணிலும் படாமல் இருக்கின்றன.

அப்போ யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியங்களிடம். கர்நாடகத்தில் 40 முதல் 2,000 ஹெக்டேர் வரை பாசனம் தரும் ஏரிகள் சிறுபாசனத் துறையிடம், அதற்குக் கீழே பஞ்சாயத்து அமைப்புகளிடம். இந்தப் பிரிவு பாசனப் பரப்பை வைத்துப் போட்டது. கரைக்குக் கீழே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை வைத்துப் போட்டதல்ல.

ஒரு காலத்தில் இதற்கு ஆள் இருந்தார். தமிழில் நீர்க்கட்டி, மடையன், கன்னடத்தில் நீருகண்டி. தினமும் கரையில் நடப்பது அவர் வேலை. வளை, கசிவு, வெடிப்பு எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழுவே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறும் குழாய்த் தண்ணீரும் வந்தபின் ஏரியை நம்பி இருப்பவர்கள் குறைந்தார்கள், நடக்கும் ஆளும் போய்விட்டார்.

கோலாரில் இது இப்போது அவசரமான விஷயம். 2018-லிருந்து பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர், கே.சி. வேலி திட்டத்தின் வழியாக மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்குப் போகிறது. பல வருஷம் காய்ந்து கிடந்த கரைகள் வருஷம் முழுக்க ஈரமாக நிற்கின்றன. மழை வரும்போது அந்த ஏரிகளில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள மிச்சம் இருக்கும் இடமும் குறைவு. நிலத்தடி நீருக்கு நல்லது. கரைக்கு, கூடுதல் கண்காணிப்பு தேவை.

நீங்கள் கரைக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. பேத்தமங்களாவோ உங்கள் ஊர் ஏரியோ, பத்து நிமிஷம் போதும்.

• கரையின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா? தாழ்ந்த இடம் இருந்தால் வெள்ளம் முதலில் அங்கேதான் வழியும்.
• கரையின் நீளவாக்கில் வெடிப்பு உண்டா? சரிவு தொடங்கும் அறிகுறியாக இருக்கலாம்.
• கலங்கலில் மூட்டை, வலை, செடி, கட்டுமானம் ஏதாவது?
• வெளிப்பக்க அடிவாரத்தில் ஈரம், புதுப்பச்சைப் புல், ஊற்று? தெளிவான கசிவு என்றால் கவனிக்க வேண்டும். கலங்கிய கசிவு என்றால் கரை உள்ளே கரைகிறது. தள்ளி வந்து, உடனே சொல்ல வேண்டும்.
• அடிவாரத்தில் மண் வெட்டி எடுத்திருக்கிறார்களா?
• மதகைச் சுற்றிப் பள்ளம், சுழல்?

போட்டோ எடுங்கள். ஒரே இடத்தில் நின்று, தேதி, இடம் பதிவாகும்படி. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதுவே ஆதாரம். கலங்கிய கசிவோ புதிய சரிவோ பார்த்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, அல்லது 112. அவசரம் இல்லாதது என்றால், கடைசியாகக் கரையை ஆய்வு செய்தது எப்போது, என்ன சொன்னார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். பதில் வராவிட்டால்கூட, இந்தக் கரை பற்றிக் கேட்க ஆள் இருக்கிறது என்று அலுவலகத்துக்குத் தெரியும்.

950, 1155, 1903. பேத்தமங்களாவின் மூன்று தேதிகளில் இரண்டு, கரையை யாரோ கவனித்த ஆண்டுகள். ஒன்று, தண்ணீர் வென்ற ஆண்டு. அடுத்த தேதி எந்தப் பக்கம் சேரும் என்பது, கலங்கலில் இன்று மூட்டை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.